மூன்றாம் மில்லின் சூடு

அனிற்றா வேலைக்குப் போட்டுக்கொண்டு போன ஓவரோலின் நெஞ்சுப் பையில் 'சுதாகரன்' என்று சிவப்பு நூலால் தைத்திருந்தது. சுதாகரன், மீவலகந்த தோட்டத்து ரப்பர் பெக்டரியில் ஒன்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுக் கட்டாருக்குப் போன ஆள். நல்ல உயரம். அவனுடைய ஓவரோலின் கைகளை மூன்று மடிப்பும் கால்களை நான்கு மடிப்பும் மடித்து, அனிற்றாவின் புருஷன் வினோத் ஊசிநூலால் ஓட்டிக் கொடுத்திருந்தான். ஸ்டோரில் புதிது கேட்டதற்கு, "ஆறு மாசம் போகட்டும் நங்கி, பெர்மனன்ட் ஆனதும் அளவெடுத்துத் தைப்போம்" என்று, இளம் பெண்களை எல்லாம் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிடும் பெக்டரி ஒபீசர் ஜயவீர சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். ஆறு மாதத்தில் போனாலும் போகக்கூடிய ஆளுக்கு எதற்குப் புதுத் துணி?

மில்லில் வேலை செய்யும் பெண்கள் முதல் நாளே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சுதாகரன் அண்ணே, டீ குடிச்சாச்சா?"

"அண்ணன் மீசையக் காணோமே. கட்டார்ல வழிச்சு விட்டுட்டாங்களா?"

"அங்க வெயில் கூடுதல், உதிர்ந்திருச்சு" என்று அனிற்றா ஏணியில் நின்றபடியே பதில் சொல்வாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. வாய்க்கு வாய் கொடுக்க கட்டுநாயக்கவில் பழகியிருந்தாள். ஓவரோலில் அவளுக்கு இருந்த ஒரே குறை அந்தக் கை மடிப்புதான். சின்ன ஆணிகளும் வயர்த் துண்டுகளும் அதற்குள் விழுந்துவிடும். வேலை பாதியில் நின்று கையை உதறித் தேட வேண்டும்.

கொழும்புக்கு அந்தப் பக்கம், கட்டுநாயக்கவில் தங்கி ஆறு வருஷம் தையல் பெக்டரியில் இருந்தாள். மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை மற்றப் பெண்கள் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கதைப்பார்கள். இவள் மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் வயரிங் படித்து, சான்றிதழும் எடுத்தாள். அந்த ஞாயிறுகளில் வீட்டுக்குப் போக முடியவில்லை. மகள் ஷெரினுக்கு முன்பல் விழுந்ததை வினோத் போனில் படம் பிடித்து அனுப்பினான். அடுத்த தடவை போனபோது பல் முளைத்திருந்தது. ஷெரின் அம்மாவைக் கண்டு ஓடிவரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றாள், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. அனிற்றா அதைப் பற்றி யாரிடமும் சொல்லி அழவில்லை. ஆனால் தோட்டத்து பெக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை காலியாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே சான்றிதழைப் போட்டோகொப்பி எடுத்தாள்.

இப்போது வீட்டிலிருந்து பெக்டரிக்கு நடை பத்து நிமிஷம். காலையில் ஷெரினுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் புறப்படுவாள். ஜூலையில் சேர்ந்தாள். டிசம்பர் கடைசியில் ஆறு மாதம் முடியும். அந்த வேலை நிற்குமா, அல்லது ஞாயிறு பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் யட்டியாந்தோட்டையில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா என்பதுதான் அந்த வீட்டின் கவலை.

பெக்டரியில் நான்கு மில் உண்டு. தொட்டியில் உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்குள் விட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே நசுக்கி நசுக்கி, லேஸ் துணிபோல மெல்லிசாக இழுப்பார்கள். நான்கில் மூன்றாம் மில்தான் சனியன் பிடித்தது. அதன் மோட்டர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை எரிந்தது. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் அறுந்து, மீதி இரண்டில் ஓடி எரிந்ததாகச் சொன்னார்கள். மறுபடியும் சுற்றிப் போட்டார்கள். இந்த மே மாதம் காரணம் தெரியாமல் திரும்பவும் எரிந்தது. அன்று அதன் முன்னால் நின்றவள் வெள்ளையம்மா. இருபத்தாறு வருஷமாக மில்லில் நிற்கிறவள். அவளைத் தாண்டி அங்கே யாரும் ஒரு வாளியைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். புகையில் அவள் முந்தானை கருகியது.

மூன்றாவது தடவையும் எரிந்தால் அந்த மில்லை மூடிவிடலாம் என்று தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, சொல்லியிருந்தார். அதனால் ஜயவீர இந்த முறை மாவனல்லைக்கு, ஹலீம் என்பவருடைய கடைக்கு மோட்டரை அனுப்பினார். மோட்டர் சுற்றுவதில் பேர்போன ஆள். எடுத்துவர லொறியில் போனவள் அனிற்றா.

ஹலீம் மோட்டரின் மேல் மூடியைத் திறந்து, தடித்த கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒல்லியாக நின்ற இரண்டு வயர்களைக் காட்டினார்.

"இது கரண்ட் வயர் இல்ல தங்கச்சி. உள்ள மூணு சுத்துக்கும் ஒண்ணொண்ணா மூணு மணி வெச்சீக்கேன். தெர்மிஸ்டர். அரிசி அளவுதான். மூணையும் ஒரு மாலையாக் கோத்து, ரெண்டு முனைய மட்டும் வெளிய எடுத்தீக்கேன்."

"சூடு கூடினா அதோட ரெசிஸ்டன்ஸ், ஓம் கணக்கு கூடும்" என்றாள் அனிற்றா.

"கொஞ்சமாக் கூடாது. ஒரு அளவு வரைக்கும் சும்மா ஈக்கும். தாண்டினா ஒரே பாய்ச்சல். ரிலே அதப் பாத்து மில்ல நிப்பாட்டும்." அவர் ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சுதான் வந்தீக்கீங்க. நல்லம். ஒண்டு மட்டும். இந்த ரெண்டு வயருக்கும் மெகர் வெச்சுராதீங்க. அந்த அடிக்கு உள்ள ஈக்கிற மணி செத்துரும்."

மெகர் என்பது கம்பியின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று பெரிய வோல்ட் கொடுத்துப் பார்க்கும் கருவி. ஜயவீரவுக்கு எதைப் பூட்டினாலும் முதலில் மெகர் வைத்துப் பார்க்காவிட்டால் நித்திரை வராது. மோட்டரை இறக்கியதுமே அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அனிற்றா அந்த இரண்டு மெல்லிய வயர்களையும் முறுக்கித் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, "மத்த எல்லாத்துக்கும் வைங்க சேர், இதுக்கு மட்டும் வேணாம்" என்றாள். அவர் வைத்து முடிக்கும்வரை கையைத் திறக்கவில்லை.

ரிலே, இருபது மீட்டர் தள்ளி சுவிட்ச் பலகைக்குள் இருந்தது. மோட்டருக்குப் போகும் பெரிய கரண்ட் வயர்களோடு அந்த மெல்லிய சென்சர் வயரையும் ஒரே குழாயில் போட்டுவிட்டால் அரை நாளில் வேலை முடிந்திருக்கும். பெரிய வயரின் அதிர்வு சின்ன வயரில் ஏறி ரிலேயைக் குழப்பும் என்று அவள் மறுத்துவிட்டாள். மேலே வலைபோட்ட வயர் ஒன்றை வாங்கச் சொல்லி, சுவரின் மற்றப் பக்கமாகத் தனிக் குழாய் அடித்தாள். அந்த வலையைப் பலகைப் பக்கத்தில் மட்டும் எர்த்தில் கொடுத்தாள். இதற்கு இரண்டு நாள் போயிற்று.

"ரெண்டு நூலுக்குத் தனி ரோட்டு போடுறா இவ" என்றாள் வெள்ளையம்மா, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டே. "நம்ம லயத்து வீடுகளுக்கு ஒரு ரோட்டு போடச் சொல்லி எத்தன வருசம்."

"உங்க லயம் அதிர்ந்தா சொல்லுங்கம்மா. போட்டுரலாம்."

செப்டெம்பர் முழுக்க மூன்றாம் மில் ஒழுங்காக ஓடியது. ரிலேயில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. ஜயவீர போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. பெக்டரியைக் கழுவி, வாழை கட்டி, ஒவ்வொரு மில்லுக்கும் சந்தனம் வைத்து, மஞ்சளில் நனைத்த துணி கட்டினார்கள். அனிற்றா கத்தோலிக்கப் பெண். பூசையில் ஒதுங்கி நின்றாலும் பொங்கலும் கடலையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவளுடைய ஸ்க்ரூடிரைவருக்கும் பிளையருக்கும் வெள்ளையம்மாவே பொட்டு வைத்துக் கொடுத்தாள்.

பூசை முடிந்து மில் ஓடத் தொடங்கிய முதல் நாள், சரியாக ஐம்பது நிமிஷத்தில் மூன்றாம் மில் நின்றது. ரிலேயில் சிவப்பு வெளிச்சம். ஆறவிட்டு மறுபடி போட்டாள். அரை மணித்தியாலத்தில் நின்றது. அடுத்த நாளும் அப்படியே.

ஒரு மில் நின்றால் தொட்டியில் உறைந்த ரப்பர் காத்துக் கிடக்கும். கிடந்தால் நிறம் மாறி, தரம் இறங்கும். பெண்கள் மற்ற மூன்று மில்லிலும் இழுபட வேண்டும்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சோம், ஒன் பொட்டிக்கு வைக்கல. அதான் கோவிச்சுக்கிட்டு நிக்குது" என்று வெள்ளையம்மா, அனிற்றாவின் அனுமதியோடு ரிலேப் பலகையின் கதவில் ஒரு பொட்டு வைத்தாள். அன்றைக்கு மில் நாற்பத்தெட்டு நிமிஷம் ஓடியது.

அனிற்றா தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். காலையில் குளிர்ந்திருக்கும்போது சென்சர் வயரில் மீட்டர் வைத்தால் இருநூற்று அறுபது ஓம் காட்டியது. உள்ளே இருக்கும் மூன்று தெர்மிஸ்டர் மணிகளுக்கும் சேர்த்து அது சரியான கணக்கு. முனைகளைக் கழற்றித் துடைத்து இறுக்கினாள். குழாயைத் திறந்து வயரை விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். மோட்டர் மில்லுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தண்ணீர் தெறிக்காமல் இருக்க அடித்த தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. ஆறிய பிறகு முன்பக்கம் குந்தி அதன் மேல் மூடியைத் திறந்து மூன்று தடவை பார்த்தாள். கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்தாள். இழுக்க வேண்டிய அளவுக்கும் குறைவாகவே இழுத்தது. பாரம் கூடவில்லை. வயரும் சரி. அப்படியானால் ரிலேதான் பொய் சொல்கிறது. அல்லது அவள் செய்ததில் எங்கோ பிழை.

நான்காம் நாள் ஜயவீர அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நங்கி, பெரிய துரை கேட்டாரு. பழைய காலத்துல இந்தப் பெட்டி இல்லாமத்தானே மில் ஓடிச்சுன்னு. நாளைக்கும் நின்னா ரிலேயக் கழட்டிட்டு நேரா கரண்ட் குடுக்கச் சொல்லிட்டாரு. அத வேற ஆள் வந்து செய்வாரு. வேற ஆள் வந்தா..." அவர் பேனை மூடியைப் போட்டு மூடினார். "ஒங்களுக்கே வெளங்கும்."

"விளங்குது சேர்."

"ஒரு கம்பித் துண்டப் போட்டு அந்த ரெண்டு முனையையும் சேத்துவிட ஏலாதா? பெட்டியும் இருக்கும். மில்லும் ஓடும்."

கம்பித் துண்டு போட்டால் இந்த ரிலே கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒரு சின்ன ரெசிஸ்டரை, சென்சர் காட்டுகிற அளவு ஓமில் ஒன்றைப் பூட்டினால், மோட்டர் என்றைக்கும் குளிர்ந்தே இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். இது ஜயவீரவுக்குத் தெரியாது. அனிற்றாவுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ரெசிஸ்டர் ஒன்று அவள் வீட்டில், பொத்தான் போடும் டப்பாவில் கிடந்தது.

அன்று பின்னேரம் வினோத் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். யட்டியாந்தோட்டை ஸ்டேண்டில் திரீவீலர் ஓட்டுகிறவன். அவள் ஊரில் இல்லாத வருஷங்களில் சமையல் பழகி, இப்போது அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்தான். அனிற்றா நடந்ததைச் சொல்லிக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்து ரெசிஸ்டரைத் தேடி எடுத்தாள். ஒரு நெல் மணிக்கு இரண்டு பக்கமும் கம்பி முளைத்ததுபோல இருந்தது.

"இதப் போட்டா ஓடுமா?" என்று கேட்டான்.

"ஓடும்."

"அப்ப போடு. டிசம்பர் வரைக்கும்தான. பெர்மனன்ட் லெட்டர் கைக்கு வந்த பொறகு கழட்டிரு."

"அதுக்குள்ள மோட்டர் எரிஞ்சா?"

"எரிஞ்சா மோட்டருதான் எரியும். நீ வீட்ல இருப்ப." ரொட்டியைத் திருப்பிப் போட்டான். "ஞாயித்துக்கெழம பின்னேரம் ஒன்ன பஸ் ஏத்திட்டு வர்ற ரோட்ட நான் ஆறு வருசம் ஓட்டியிருக்கேன் அனி. எனக்கு மோட்டர் மேல ஒரு பாசமும் இல்ல."

அவன் சொன்னதில் பிழை பிடிக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ரெசிஸ்டரை ஷெரின் தின்ற டொபியின் பேப்பரில் சுற்றி ஓவரோல் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, மில் தொடங்குவதற்கு முன் பலகையைத் திறந்தாள். ரிலேயிலிருந்து சென்சர் வயர் இரண்டையும் கழற்றி, அந்த இடத்தில் ரெசிஸ்டரைப் பூட்டினாள். இரண்டு நிமிஷ வேலை. பச்சை வெளிச்சம் வந்தது. கழற்றிய வயர்கள் இரண்டும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. தொங்குகிற வயரைக் கண்டால் மீட்டர் வைக்காமல் அவளால் இருக்க முடியாது. வைத்தாள். இருநூற்று அறுபது.

அப்போதுதான் இத்தனை நாளும் செய்யாத ஒன்று உறைத்தது. குளிர்ந்திருக்கும்போது ஓமைப் பார்த்தாள். நின்று ஆறிய பிறகு பார்த்தாள். ஓடும்போது பார்க்கவே இல்லை. ரிலே பூட்டியிருக்கும்வரை பார்க்கவும் வழியில்லை. இப்போது ரிலே ஏமாந்து கிடக்கிறது, சென்சர் வயர் இவள் கையில் இருக்கிறது.

"போடுங்கம்மா" என்று வெள்ளையம்மாவுக்குக் கை காட்டினாள்.

மில் உருளத் தொடங்கியது. அனிற்றா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, மீட்டர் முனைகளை வயரில் கவ்வ வைத்து, மடியில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் ஒரு மாற்றமும் இல்லை. அரை மணியில் கொஞ்சம் அசைந்தது. நாற்பத்தைந்தில் முந்நூற்றைம்பது. வெள்ளையம்மா உருளைக்குள் ரப்பரைக் கொடுத்தபடியே இந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஐம்பது நிமிஷம் தாண்டியது. மில் நிற்கவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ குரவை போட்டார்கள். சத்தம் கேட்டு ஜயவீர கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, ஓடுகிற மில்லையும் பச்சை வெளிச்சத்தையும் பார்த்து, "ஹரி நங்கி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார்.

அவருடைய சிரிப்பு அடங்கும் முன்பே மீட்டரில் எண் பாய்ந்தது. அறுநூறு, ஆயிரத்து நூறு, இரண்டாயிரம். ஹலீம் சொன்ன அதே பாய்ச்சல். சென்சர் பொய் சொல்லவில்லை, ரிலேயும் பொய் சொல்லவில்லை. மோட்டர் உண்மையாகவே வெந்துகொண்டிருந்தது.

பேசாமல் மீட்டரை நிறுத்திப் பைக்குள் போட்டிருக்கலாம். மில் இன்றைக்கே எரிந்துவிடாது. ஒரு மாதம் தாங்கும், இரண்டு மாதமும் தாங்கலாம். அனிற்றா எழுந்துபோய்ச் சிவப்பு பொத்தானை அழுத்தினாள்.

உருளை நின்றது. குரவை போட்டவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இது ஏன் நின்னிச்சு?" என்றார் ஜயவீர.

"நான்தான் சேர் நிப்பாட்டினேன்."

"நீங்களா?"

"ரிலேய ஏமாத்தித்தான் ஓட்டினேன். ஏமாத்தினா ஓடும். ஆனா உள்ள வேகுது." மீட்டரை அவரிடம் நீட்டினாள். "கரண்ட் கூடுதலா இழுக்கல. அப்ப சூடு உண்டாகிறதுல பிழையில்ல, அது வெளிய போறதுலதான் பிழை. கால் மணித்தியாலம் குடுங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா வேற ஆளக் கூப்பிடுங்க."

ஜயவீர மீட்டரைப் பார்த்தார். மில்லைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இப்படிப்பட்ட மோட்டரின் முதுகில் ஒரு சின்ன விசிறி உண்டு. பின்னாலிருந்து காற்றை இழுத்து உடம்பின் மேல் ஊதும். அனிற்றா ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் மில்லுக்குப் போய், ரெசிஸ்டர் சுற்றியிருந்த டொபி பேப்பரை அதன் மோட்டரின் மேல் பிடித்தாள். பேப்பர் படபடவென்று அடித்தது. மூன்றாம் மில்லை ஒரு நிமிஷம் போடச் சொல்லி அங்கேயும் பிடித்தாள். பேப்பர் அசையாமல் தூங்கியது.

மில்லை நிறுத்தினாள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள். மோட்டரின் முதுகை மஞ்சள் துணி ஒன்று மூடியிருந்தது. இரண்டாக மடித்த புதுத் துணி. விசிறிக்குக் காற்றுப் போகும் சல்லடையை முழுசாகப் போர்த்தி, மேலே இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது. மற்ற மில்களுக்கெல்லாம் துணியை முன்னால், இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்தார்கள். இதற்கு மட்டும் மோட்டரிலேயே.

அந்த முடிச்சை அவள் பூசைக்கு அடுத்த நாளிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முன்பக்கம் குந்தி மூடியைத் திறந்த மூன்று தடவையும் அது கண்ணில் பட்டது. சாமி விஷயம், நாம் மாதா கோயில் வேதக்காரர், நமக்கெதற்கு என்று கை படாமல் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்கவேயில்லை. மரியாதை என்று நினைத்தது, கடைசியில் பார்க்காமல் விட்ட ஒரு மூலையாகிவிட்டது.

சந்திலிருந்து வெளியே வந்தாள். "வெள்ளையம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

வெள்ளையம்மா ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். அனிற்றா குரலைத் தாழ்த்தினாள்.

"மோட்டர்ல துணி கட்டினது நீங்களாம்மா?"

"நான்தான். மொத தடவ எரிஞ்சப்பவே மாரியாத்தாவுக்கு நேந்துக்கிட்டேன். வருசா வருசம் கட்டுறேன்னு. ஏன், என்ன?"

"அது மூச்சு விடுற எடம்மா. அதோட மூக்குலதான் கட்டியிருக்கீங்க."

வெள்ளையம்மா சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். அனிற்றா டொபி பேப்பரைக் காட்டி, இரண்டாம் மில்லில் அது எப்படி அடித்தது, இங்கே எப்படிக் கிடந்தது என்று சொன்னாள். கேட்டு முடித்ததும் வெள்ளையம்மாவின் முகம் மாறியது. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருசமும் கட்டினேன்" என்றாள் மெதுவாக. "மே மாசம் எரிஞ்சிச்சு."

அனிற்றா ஸ்க்ரூடிரைவரின் பிடியைத் துடைத்தாள். "அது பழைய சுத்துமா. மக்கிக் கெடந்த கம்பி. வேற காரணம் நெறைய இருக்கும்."

"ஒனக்குப் பொய் சொல்ல வரல." வெள்ளையம்மா கருகிப்போய் ஒட்டுப்போட்ட தன் முந்தானையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "திரும்ப எரிஞ்சிச்சேன்னுதான் இந்தத் தடவ பெரிய துணியா வாங்கி, ரெண்டா மடிச்சு, ஒரு இடுக்கு விடாம மூடினேன். நல்லா மூடினேன் பாரு."

சிரிப்பதா வேண்டாமா என்று அனிற்றாவுக்குத் தெரியவில்லை. வெள்ளையம்மாவே முதலில் சிரித்தாள், மூக்கால்.

"நான் தொடமாட்டேன்மா. நீங்க சொன்னா மட்டும்..."

"நீ ஏன் தொடுற? கட்டினது நானு." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே சந்துக்குள் நுழைந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். துணியை உதறி, இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எங்கே கட்டுவது என்று நின்று யோசித்தாள். நேர்ந்தது மோட்டருக்கு. சட்டத்தில் கட்டினால் நேர்த்தி சேருமா?

"இந்தத் தகரம் மோட்டரோட கூரைதானம்மா" என்றாள் அனிற்றா. "வெளிப் பக்கமா, தண்ணி படாத மூலையில கட்டினா?"

வெள்ளையம்மா தகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். "அதுவும் சரிதான். கோயில்லயும் சாமிக்கு மூஞ்சியவா மூடி வைக்கிறோம்." தகரத்தின் உயர்ந்த மூலையில் துணியைக் கட்டி, தொங்கிய முனையை உள்ளே சுருட்டிச் செருகினாள். "இது காத்துல பறந்து மறுபடி மூக்குல போய் அடைக்காதே?"

"அடைக்காது. அடைச்சாலும் ரிலே சொல்லும்."

அனிற்றா பலகைக்குப் போய் ரெசிஸ்டரைக் கழற்றி, சென்சர் வயர் இரண்டையும் பழைய இடத்தில் பூட்டி இறுக்கினாள். மோட்டர் ஆறியதும் மில்லைப் போட்டார்கள். காலை பத்தேகாலுக்கு. டொபி பேப்பர் மோட்டரின் மேல் நிற்காமல் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. ஐம்பது நிமிஷம் ஆனபோது பெண்கள் யாரும் குரவை போடவில்லை. முன் அனுபவம் இருந்தது. பதினொன்றரைக்கும் ஓடியது. தொட்டியில் கிடந்த ரப்பர் முடிந்து நாலு மணிக்கு வெள்ளையம்மா தானாக நிறுத்தும்வரை ஓடியது. கடைசியில் அனிற்றா மோட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஜயவீர அன்று காலையில் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை எடுக்க மறந்து வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த இரண்டு வாரமும் தினமும் வந்து மோட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் அனிற்றாவைக் கூப்பிட்டு, மற்ற மூன்று மோட்டரையும் சுற்ற அனுப்பும்போது இதேபோல மணி வைக்க மாவனல்லைக்காரரிடம் சொல்லி வைக்கச் சொன்னார்.

"அது அடுத்த வருசம்தான சேர் அனுப்புவீங்க" என்றாள்.

"ஆமா. அடுத்த வருசம்தான்." மேசை லாச்சியை இழுத்து எதையோ தேடினார். "டேப் ஒண்ணு இருந்திச்சு. ஒங்க அளவு எடுத்து அனுப்பணும். டெய்லர் கேக்கிறாரு."

"லெட்டர் வரலையே சேர்."

"லெட்டர் டிசம்பர்ல வரும். டெய்லருக்கு ஒரு மாசம் வேணும்."

டேப் கிடைக்கவில்லை. வெள்ளையம்மா அப்போதுதான் உருளையிலிருந்து வந்த ஒரு நீள ரப்பர் லேஸை எடுத்துக்கொண்டு வந்து, அனிற்றாவின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிடித்தாள்.

"ரப்பர்ல அளவெடுத்தா சட்டையும் இழுபடும்மா" என்றாள் அனிற்றா.

"நீயும் கொஞ்சம் சத வை. ஆம்பளயாளு பேரப் போட்டுக்கிட்டு குச்சி மாதிரி." வெள்ளையம்மா முடிச்சுப் போட்டு அளவைக் குறித்தாள். "சேர், கை நீளம் சரியா இருக்கணும். இவ மடிப்புக்குள்ள பெக்டரியோட பாதி ஆணி இருக்கு."

புது ஓவரோல் நவம்பர் கடைசியில் வந்தது. நெஞ்சுப் பையில் அவள் பெயர். கழுத்துக் கொஞ்சம் அகலம். மற்றதெல்லாம் சரி. பழையதை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வினோத் ஒரு பின்னேரம் வாசலில் உட்கார்ந்து தான் ஓட்டிய நூலை பிளேடால் பிரித்தான். பக்கத்தில் ஷெரின் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை மடிப்பைப் பிரித்தபோது நாலைந்து ஆணியும் வயர்த் துண்டும் உதிர்ந்தன. கடைசியாக, இரண்டு பக்கமும் கம்பி முளைத்த அந்தச் சின்ன நெல் மணியும் விழுந்தது.

"இது அதுதான?" என்றான்.

"அதுதான். அன்னைக்குக் கழட்டிட்டு எங்க வச்சேன்னு தேடிக்கிட்டே இருந்தேன்."

அவன் அதை விரலில் உருட்டிப் பார்த்தான். "வீசவா?"

"டப்பாவுல போடுங்க. ஓடும்போது சூடு பாக்குறதுக்கு வேணும்." உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "ஷெரின், நாளைக்கு இஸ்கூலுக்கு ரெட்டப் பின்னலா, ஒத்தையா?"

"ரெட்ட" என்றாள் ஷெரின், கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல். "போன தடவ மாதிரி இறுக்காதீங்க."